சாவு வீட்டில் கொடுத்த சாவி

செய்தி வந்தபோது பிற்பகல் மூன்றே கால். திண்டிவனத்தில் ஒரு பார்சல் ஆபீசில், துணி மூட்டை ஒன்றின் வாயைக் கோணி ஊசியால் தைத்துக்கொண்டிருந்தாள் அந்தோணிமேரி. சென்னை லாரி வாசலில் வந்து நின்றாயிற்று. இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. எடுத்துப் பார்த்தவள், ஊசியை மூட்டையிலேயே குத்தி நிறுத்தினாள். கூப்பிட்டது முனியம்மாள், வீட்டுக்காரர் பாண்டுரங்கனின் மனைவி. முன்கட்டில் அவர்கள், பின்கட்டில் இவள். நடுவில் ஒரு சுவர்தான். ஆனாலும் ஏழெட்டு மாதமாகப் பேச்சில்லை. கோர்ட்டில் கேஸ் நடக்கும்போது என்ன பேசுவது?

“மேரி, அவரு போய்ட்டாரு.”

“எங்க யக்கா?” என்றாள் மேரி. வாய்தா நெருங்குகிறதே, விழுப்புரத்துக்கு வக்கீலைப் பார்க்கப் போயிருப்பார், அதற்கு ஏன் என்னைக் கூப்பிட்டுச் சொல்கிறாள் என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

 போனுக்குள் யாரோ ஒரு பெண் அலறுவது கேட்டது. அப்போதுதான் மேரிக்கு விளங்கியது.

பார்சல் ஆபீஸ் மேஸ்திரி சின்னதுரை விஷயத்தைக் கேட்டுவிட்டு, “யாரு, நீ கேஸ் போட்டியே அந்த ஆளா? எதிர்பார்ட்டியே அவுட்டா? அப்ப கேஸ் உனுக்குத்தான் போ” என்றான். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் மேரி நின்றாள். அவள் முடிவெடுப்பதற்குள் கண் தானாகவே பொங்கிவிட்டது. யாருக்காக அழுகிறோம் என்று அவளுக்கே பிடிபடவில்லை. தண்ணீர் பைப்பை அறுத்துவிட்ட மனுஷன் அவர். அவர் செத்ததற்கு எதற்காக இப்படி அழுகை வர வேண்டும்?

கல்யாணமாகி நான்கைந்து வருஷத்தில் அந்தப் பின்கட்டுக்குக் குடி வந்தவள் அவள். புருஷன் செபஸ்தியான் லாரியில் மூட்டை ஏற்றுகிறவன். ஒரு நாள் வேலையிலிருந்து வந்து படுத்தவன் எழுந்திருக்கவில்லை. சவப்பெட்டி கொண்டுவந்தபோது பின்கட்டுச் சந்துக்குள் அது திரும்பவில்லை. நான்கு பேர் சாய்த்துப் பார்த்தார்கள், நிமிர்த்திப் பார்த்தார்கள். முன்கட்டிலிருந்து பாண்டுரங்கன் வந்தார். “இன்னாத்துக்குப் போட்டு மோதறீங்க? எங்க கூடத்துல வைங்கய்யா” என்று சொல்லி, தன் டிவியையும் நாற்காலியையும் தானே தூக்கி வெளியே போட்டார். வேற மதத்துப் பொணத்தைக் கூடத்தில் வைக்கலாமா என்று அவருடைய சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள். “பொணத்துக்கு இன்னாய்யா மதம்? ஜல்தி ஆவட்டும்” என்றார் அவர். ஜெபம் முடியும்வரை வாசலில் நின்று வருகிறவர்களுக்கு வழி காட்டினார்.

அதே மனுஷன்தான், தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர் நின்ற புயலுக்கு அடுத்த வருஷம், “மேரி, வூட்டுச் செவுரெல்லாம் ஈரம் ஊறி ஓதம் ஏறிப் போச்சு. இடிச்சிட்டுக் கடை கட்டணும்ங்கறான் ரஞ்சித்து. நீ வேற எடம் பாத்துக்க” என்றார். ரஞ்சித் அவருடைய ஒரே மகன். விழுப்புரத்தில் பைக் விற்கும் கடையில் வேலை. மேரி இடம் பார்த்தாள். அவளுடைய சம்பளத்துக்கு ஊருக்குள் ஒன்றும் அமையவில்லை. ஒரு நாள் காலையில் பின்கட்டுக்குத் தண்ணீர் வரவில்லை. இன்னொரு நாள் கரண்ட் இல்லை. பூட்டை உடைத்துச் சாமானை வெளியே வைத்துவிடுவேன் என்று ரஞ்சித் போனில் சொன்னான்.

மாதா கோயிலில் யாரோ சொன்னார்கள், கோர்ட் வளாகத்தில் இலவச சட்ட உதவி மையம் இருக்கிறது, போய்ப் பார் என்று. அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனாள். அங்கே ஒரு மனு எழுதிக் கொடுத்ததும், கலைப்பிரியா என்ற வக்கீலை அவளுக்கு நியமித்தார்கள். முப்பது வயதுகூட ஆகாத பெண்.

“உங்களுக்கு பீஸ் எவ்ளோ மேடம்?”

“ஒண்ணும் இல்லக்கா. அரசாங்கம் குடுக்கும்.”

“எனுக்கு எதுக்கு அரசாங்கம் வக்கீல் வைக்கணும்?”

“நீங்க பொம்பள. அது ஒண்ணே போதும். பொம்பளைங்களுக்கு வருமானம்கூட கேக்கமாட்டாங்க, சட்டத்துலயே அப்பிடித்தான் இருக்கு.”

மேரிக்கு அது நம்பும்படியாக இல்லை. பொம்பளையாகப் பிறந்ததற்காக இதுவரை ஒருவரும் அவளுக்கு எதையும் சும்மா கொடுத்ததில்லை. பின்னால் கேட்பார்களோ என்ற பயத்தில் ஒவ்வொரு முறையும் கேப்பை அடை சுட்டு எடுத்துக்கொண்டு போவாள். கலைப்பிரியா அதைப் பையில் வைத்துக்கொண்டு, “இதுவும் வேணாம்க்கா” என்று சொல்லுவாள். ஆனால் திருப்பிக் கொடுத்ததில்லை.

தடை உத்தரவு கிடைத்தது. சட்டப்படி அல்லாமல் அவளை யாரும் வெளியேற்றக் கூடாது. தண்ணீர் திரும்ப வந்தது. “கேஸ் முடியறவரைக்கும் நான் ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுவேன்” என்றாள் கலைப்பிரியா. “என்ன ஆனாலும் சரி, வீட்டுச் சாவிய யார்கிட்டயும் குடுக்காதீங்க. நீங்க உள்ள இருக்கிறதுதான் உங்க பலம்.”

பாண்டுரங்கன் அதற்குப் பிறகு மேரியிடம் நேராகப் பேசுவதை நிறுத்திவிட்டு, நாயிடம் பேச ஆரம்பித்தார். மேரி துணி துவைக்க வரும் நேரம் பார்த்து வேலியோரம் நின்று, “பாத்தியாடா டைகரு, நான் கட்டுற வரியில எனுக்கே எதிரா வக்கீலு!” என்பார். மேரி குடத்தைப் பார்த்துப் பதில் சொல்லுவாள். “வரி எல்லாருந்தான் கட்டறாங்க. சோப்பு வாங்கினாலும் வரிதான்.” நாயும் குடமும் நடுவில் இருந்ததால் சண்டை முற்றவில்லை. சில நாள், “டைகரு, மோட்டாரு போடப் போறேன், வேணும்ங்கறவங்க புடிச்சிக்கட்டும்” என்றும் சொல்லுவார். இது பகையா பழக்கமா என்று மேரிக்குக் கடைசிவரை தெரியவில்லை.

அன்று சாயங்காலம் அவள் போய்ச் சேர்ந்தபோது, கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் அவர் இருந்தார். வாயில் துணி கட்டியிருந்தது. இவ்வளவு பேசின வாய். மேரி பெட்டிமேல் கையை வைத்தாள். முனியம்மாள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஏழெட்டு மாதம் பேசாததெல்லாம் அந்த அழுகையில் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

இருட்டுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. திருவெண்ணெய்நல்லூரிலிருந்து ஒரு வேன் நிறையச் சொந்தக்காரர்கள் வந்து இறங்கினார்கள். கைக்குழந்தைக்காரிகள், வயசானவர்கள். கூடத்தில் பெட்டி, பந்தலில் தண்ணீர். பெண்கள் ஈரத்தோடு சுவரோரம் ஒண்டி நின்றார்கள். முனியம்மாள் மேரியின் காதருகே வந்தாள்.

“மேரி, உன் வூட்ட குடேன். பொம்பளைங்க படுக்க எடமில்ல. பதினாறாம் நாளு வரைக்கும்.”

செபஸ்தியானின் பெட்டிக்காக அந்தக் கூடம் திறந்தது மேரியின் கண்ணுக்குள்ளேயே நின்றது. வக்கீல் சொன்னது நினைவுக்கு வரவில்லை என்று சொல்ல முடியாது. வந்தது. ஆனால் செத்த வீட்டில் நின்றுகொண்டு, வக்கீலைக் கேட்டுச் சொல்கிறேன் என்று எந்த வாயால் சொல்வது? மாற்றுத் துணியையும் பாத்திரங்களையும் இரண்டு கோணியில் போட்டாள். கைப்பழக்கத்தில் அவற்றின் வாயைத் தைத்தாள். கட்டிலையும் பீரோவையும் அப்படியே விட்டாள். முந்தானையிலிருந்து சாவியை அவிழ்த்து முனியம்மாள் கையில் வைத்தாள். மறுநாள் பிணம் எடுக்கும்வரை கூட இருந்துவிட்டு, வழக்கப்படி யாரிடமும் எதுவும் சொல்லிக்கொள்ளாமல், மாதா கோயில் தெருவில் இருக்கும் பெரியப்பா மகள் ஜாக்குலின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு மேரியும் போனாள். சாப்பாட்டுப் பந்தியிலிருந்து எழுந்து கை கழுவும் இடத்தில் ரஞ்சித் அவளைப் பார்த்துவிட்டான். மொட்டைத் தலையும் புது வேட்டியுமாக, சொந்தக்காரர்கள் எல்லோரும் பார்க்க, கையெடுத்துக் கும்பிட்டான்.

“மேரி ஆன்ட்டி, ரொம்ப தேங்க்ஸ். நீங்களே நெலம புரிஞ்சிக்கினு எடத்த விட்டுக் குடுத்துட்டீங்க. அப்பா ஆத்மா சாந்தியாவும்.”

மழையன்று இடம் கொடுத்ததைச் சொல்கிறான் என்று மேரி நினைத்தாள். வேறு ஏதோ சொல்கிறான் என்றும் தோன்றியது. கண் கலங்கி நிற்கிற பிள்ளையிடம், நீ எதைச் சொல்கிறாய் என்று கேட்க முடியுமா? அவளும் கையெடுத்துக் கும்பிட்டாள். அவன் மனைவி ஒரு பையில் வெற்றிலைபாக்கோடு சேலை வைத்துக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் ஜாக்குலின் வீட்டு வாசலில் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. அதில் மேரியின் கட்டிலும் பீரோவும். “ரஞ்சித் அண்ணன் அனுப்பிச்சாரு. வாடகைலாம் வேணாம், குடுத்துட்டாரு” என்றான் டிரைவர். சொல்லிக்கொண்டே இறக்கவும் ஆரம்பித்துவிட்டான். பீரோ சாயப்போனது. மேரி ஓடிப் போய் ஒரு பக்கம் தாங்கிப் பிடித்தாள். இறக்கி முடித்த பிறகுதான், நாமே ஏன் இறக்கினோம் என்று யோசித்தாள்.

ஓட்டமும் நடையுமாகப் பின்கட்டுக்குப் போனால், கதவில் வேறு பூட்டு. ரஞ்சித் முன்வாசலில் பந்தக்காலைப் பிடுங்கிக்கொண்டிருந்தான்.

“என்னப்பா இது? நான் பதினாறு முடியற வரைக்கும்தான குடுத்தேன்?”

“ஆன்ட்டி, நீங்க அன்னிக்குப் போவும்போது திரும்ப வர்றேன்னு ஒரு வார்த்தகூட சொல்லலியே.”

“அடப்பாவி, சாவு வூட்ல இருந்து போறவ எவளாவது வர்றேன்னு சொல்லுவாளா?”

ரஞ்சித் ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தான். அவனுக்கும் அது உறைத்த மாதிரி இருந்தது. பிறகு குனிந்து பந்தக்காலை ஆட்ட ஆரம்பித்தான். “எதுவா இருந்தாலும் வக்கீல் மூலமாப் பேசிக்கலாம் ஆன்ட்டி. அம்மா மாமா வூட்டுக்குப் போய்ட்டாங்க. எனுக்கு இப்ப மனசு சரியில்ல.”

அவனுக்கு மனசு சரியில்லை என்பதும் உண்மைதான். அது பொய்யாக இருந்திருந்தால் மேரிக்குக் கோபப்படச் சுலபமாக இருந்திருக்கும்.

ஜாக்குலின் அன்று முழுக்க விடவில்லை. “அரசாங்கம் உனுக்கு வக்கீல் குடுத்துச்சு. கோர்ட்டு உனுக்குத் தடை குடுத்துச்சு. நீ எல்லாத்தையும் வாங்கி மடியில வச்சிக்கினு சாவிய எடுத்து அவங்களுக்குக் குடுத்த. உன்ன மாதிரி ஒரு பொம்பளைய நான் பாத்ததே இல்லடி.”

“பொணத்த மழையிலயா வைக்கச் சொல்ற?”

“பொணம் உள்ளதான இருந்துச்சு! வெளிய இருந்தது அவங்க சொந்தக்காரங்கடி. நல்ல பேஜாரா கீது உன்னோட.”

கலைப்பிரியா திட்டவில்லை. கோர்ட் வளாகத்து வேப்பமரத்தடியில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். கேட்கக் கேட்க அவள் முகம் சுருங்கிக்கொண்டே போனது.

“அவர் செத்ததால கேஸ் சாகலக்கா. ரஞ்சித்தும் அதுல எதிர்தரப்புதான். ஆனா வெள்ளிக்கிழமை வாய்தாவுல அவங்க வக்கீல் ஒண்ணுதான் சொல்லப்போறார். அந்தம்மா தானாவே காலி பண்ணிட்டாங்க, இனிமே இந்தத் தடையே தேவையில்லன்னு.”

“நான் காலி பண்ணல மேடம்.”

“சாவி நீங்களா குடுத்தீங்களா?”

“நானாத்தான் குடுத்தேன்.”

“யாராவது மிரட்டினாங்களா?”

“இல்ல. கேட்டாங்க.”

“பதினாறாம் நாள் அவர் நன்றி சொன்னப்போ?”

“கும்புட்டேன்.”

“சேலை?”

“காரியத்துல குடுத்தா வாங்காம இருப்பாங்களா மேடம்?”

கலைப்பிரியா நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். “உங்க சம்மதம் இல்லாம வெளிய அனுப்பியிருந்தா, ஆறு மாசத்துக்குள்ள தனியா ஒரு வழக்குப் போட்டுத் திரும்ப உள்ள போகலாம். அதுக்கும் சட்ட உதவியில மறுபடி மனு குடுத்தா என்னையே நியமிக்கச் சொல்லிக் கேக்கலாம். அது கஷ்டமில்ல. கஷ்டம் என்னன்னா, சம்மதம் இருந்துச்சா இல்லையான்னு நீங்கதான் சொல்லணும்.”

மேரி யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். கொடுத்தது சம்மதத்தோடுதான். போனது சம்மதத்தோடு அல்ல. அன்று மழையில் நின்றபோது, திரும்பி வருவோமா மாட்டோமா என்ற கேள்வியே மனசில் எழவில்லை. எழாத கேள்விக்கு இப்போது என்ன பதில் சொல்வது?

“கேட்டது யாரு?” என்றாள் கலைப்பிரியா.

“முனியம்மா அக்கா.”

“பதினாறு நாளைக்குன்னு அவங்க சொன்னத யாராவது கேட்டாங்களா?”

“காதுல சொன்னாங்க மேடம்.”

“அப்ப அவங்க ஒருத்தங்கதான் சாட்சி. அவங்க சொல்லுவாங்களா?”

வியாழக்கிழமை மேரி விழுப்புரம் பஸ் ஏறினாள். அங்கிருந்து மாறி கெடார். முனியம்மாளைக் காரியம் முடிந்த கையோடு அவளுடைய தம்பி அங்கே தன் வீட்டுக்கு அழைத்துப் போயிருந்தான். பஸ்ஸில் போகிற வழியெல்லாம் மேரி, எப்படி ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்த்தாள். யக்கா, நீ கேட்டுத்தான குடுத்தேன். இல்லை, அது குத்திக்காட்டுவது மாதிரி இருக்கும். யக்கா, ஒரு உதவி. இல்லை. புருஷனைப் பறிகொடுத்தவளிடம், உன் பிள்ளைக்கு எதிராகச் சாட்சி சொல் என்று எந்த வார்த்தையில் கேட்பது?

ஒத்திகை எதற்கும் உதவவில்லை. வாசலில் மேரியைக் கண்டதும் முனியம்மாள் கையை விரித்துக்கொண்டு எழுந்தாள். இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். அழுது ஓய்ந்து மூக்கைச் சிந்திவிட்டு உட்கார்ந்தபோது, நடுவில் ஒரு முறத்தில் விதைக்கு எடுத்து வைத்த மல்லாட்டைக் கடலை இருந்தது. முனியம்மாள் விட்ட இடத்திலிருந்து உரிக்கத் தொடங்கினாள். மேரியும் ஒரு பிடி அள்ளிக்கொண்டாள். சும்மா உட்கார்ந்திருந்தால் கேட்டுத்தான் ஆக வேண்டும். கைக்கு வேலை கிடைத்ததால் கொஞ்ச நேரம் தள்ளிப்போயிற்று.

முனியம்மாள்தான் முதலில் கேட்டாள்.

“நீ ஏன்டி வூட்ட காலி பண்ணிக்கினு போய்ட்ட?”

மேரியின் கை நின்றுவிட்டது. “நானா?”

“நீ இருக்கறன்ற தைரியத்துலதான நான் தம்பியோட வந்தேன். திரும்பிப் போனா பேச்சுத் தொணைக்கு நீ இருப்பன்னு. ரஞ்சித்து சொல்றான், அப்பா செத்த வூட்ல இருக்க மேரி ஆன்ட்டிக்கு பயமா இருக்குதாம், அதான் போய்ட்டாங்கன்னு.”

“பயமா? எம்புருஷன் செத்த வூட்லயே படுத்து எழுந்தவ யக்கா நான். உன் புருஷன் என்னா என்னப் புடிச்சித் தின்னவா போறாரு?”

முனியம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததற்காக முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். “உயிரோட இருந்தப்பவே உன்ன ஒண்ணும் பண்ண முடியல அவரால. டீக்கடையில இன்னா சொல்வாரு தெரியுமா? என் வூட்ல குடியிருக்கறவ யாருன்னு நெனச்ச, கவர்மெண்டு வக்கீல் வச்சிருக்கறவ. அதுல ஒரு பெரும அவருக்கு. வூட்டுக்கு வந்தா உன்னத் திட்டுவாரு.”

மேரி இதை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் விழித்தாள். பிறகு ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள். புதுப் பூட்டு, லோடு ஆட்டோ, வெள்ளிக்கிழமை வாய்தா.  முனியம்மாளின் விரல்களுக்கு நடுவில் ஓடு உடையும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது, அதுவும் நின்றது.

“எம்புள்ள பொய் சொல்றான்றியா?”

“தெரியில யக்கா. எனுக்கே நான் போனனா, அனுப்பினாங்களான்னு தெரியில. நீ கேட்டத மட்டும் நீ சொன்னா போதும்.”

“எம்புள்ளைக்கு எதிரா கோர்ட்டு ஏறணும்.”

 மேரி போனை எடுத்துக் கலைப்பிரியாவைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, முறத்தின் ஓரத்தில் வைத்தாள். கலைப்பிரியா மெதுவாகக் கேட்டாள், அம்மா, அன்னிக்கு என்ன நடந்துச்சு?

“மழ பேஞ்சிது. பொம்பளைங்க நனைஞ்சிக்கினு இருந்தாங்க. பதினாறு வரைக்கும் வூட்ட குடுன்னு நான்தான் கேட்டேன். அவ குடுத்தா.” முனியம்மாள் நிறுத்தினாள். “ஆனா ஒண்ணு சொல்லிர்றேம்மா. யாரும் புடுங்கல. அவளாத்தான் முந்தானையில இருந்து அவுத்துக் குடுத்தா.”

 “நீங்க சொன்னதுல பாதி எங்களுக்கு, பாதி அவங்களுக்கும்மா” என்றாள் கலைப்பிரியா. “ஜட்ஜ் எந்தப் பாதிய எடுத்துக்குவார்னு நான் இப்ப சொல்ல முடியாது. ஆனா பதினாறு நாளைக்குத்தான் கேட்டீங்கன்றத நீங்க வந்து சொன்னாத்தான் எனக்கு நிக்கறதுக்கு ஒரு எடம் கிடைக்கும். நாளைக்கு வர முடியுமா?”

அறைக்குள்ளிருந்து தம்பி வந்தான். “இன்னாக்கா வெளையாட்டா? மூணு மாசம் ஆவாம நீ படி தாண்டலாமா? அதுவும் கோர்ட்டுக்கு? ஊரு இன்னா பேசும்?”

முனியம்மாள் அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை. மடியில் கிடந்த ஓடுகளைத் தட்டிவிட்டாள். “நான் கேட்டு வாங்கினத நான்தான் திருப்பிக் குடுக்கணும். அதுக்கு எவனும் நல்ல நாளு பாக்க வேணாம். காலையில வண்டிய எடு. எம்புள்ள மேல குத்தம் சொல்லமாட்டேன். நான் கேட்டத நான் கேட்டேன்னு சொல்லுவேன்.”

“சரிம்மா, அது போதும். பத்து மணிக்கு வந்துருங்க” என்றாள் கலைப்பிரியா.

மேரிக்குச் சந்தோஷம் வர வேண்டும். வந்த மாதிரியும் இருந்தது. நாளைக்குக் கோர்ட்டு வாசலில் தாயும் பிள்ளையும் எதிரெதிரே நிற்பார்கள்; நடுவில் தான் நிற்க வேண்டியிருக்கும். வீடு கிடைத்தாலும், முன்கட்டில் யார் இருப்பார்கள், யார் யாரோடு பேசுவார்கள் என்று அவளால் எண்ணிப் பார்க்க முடியவில்லை. வேண்டாம் யக்கா என்று சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு கணம் வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

ரோட்டில் விழுப்புரம் பஸ் ஹாரன் கேட்டது. இதை விட்டால் திண்டிவனம் போய்ச் சேர இருட்டிவிடும் என்று தம்பி மனைவி விரட்டினாள். மேரி சேலையில் ஒட்டியிருந்த தோலை உதறிக்கொண்டு ஓடினாள். முனியம்மாளும், நாளைக்குக் கட்டிக்கொள்ள வெள்ளைச் சேலை காய்ந்ததா என்று பார்க்கக் கொல்லைக்குப் போய்விட்டாள்.

விதைக்கென்று எடுத்து வைத்த மல்லாட்டையில் பாதி உரிக்காமல் முறத்திலேயே கிடந்தது.